பந்து எறிய ஒருத்தன்

சூசைதாசன்: அண்ணை, நான் கேட்டது ஓமோ இல்லையோ எண்டு. நீங்கள் வெண்டிக்காயை முறிச்சு முறிச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்.

கனகலிங்கம்: முத்தின வெண்டிக்காயை வித்தால் இந்தக் கொலோன் நகரத்துத் தமிழ்ச் சனம் என்னைத்தான் முறிக்கும். உன்ர பேஸ்போல் கழகத்தையில்லை.

சூசைதாசன்: என்ர கழகமோ? அதுக்குத் தலைவர் ஆர்?

கனகலிங்கம்: நான். அதாலதான் சொல்லுறன், வேண்டாம்.

சூசைதாசன்: நான் செயலாளர். காரணம் கேக்கலாமோ?

கனகலிங்கம்: ரொறன்ரோவில இருந்து ஒருத்தனைக் கூப்பிட்டு, அவனோட ஒப்பந்தம் எழுதி, கடைக்கு மேல அறையும் குடுத்து... என்னத்துக்கு? ஒரு பந்தை எறியிறதுக்கு! பந்து எறிய இஞ்ச ஆக்களில்லையோ?

சூசைதாசன்: இருக்கினம். எறியிற பந்து போகவேண்டிய இடத்துக்குப் போகுதில்லை.

செல்லம்: சூசை, தேத்தண்ணிக்குச் சீனி போட்டனான். கலக்கிக் குடியும்.

சூசைதாசன்: சரியக்கா. உங்கட புருசனுக்கு நீங்களாவது சொல்லுங்கோ.

கனகலிங்கம்: என்ர மகன் கவிஷன் எறியிறான்தானே?

சூசைதாசன்: எறியிறான்...

கனகலிங்கம்: என்ன இழுக்கிறாய்?

சூசைதாசன்: இழுக்கேல்லை. தேத்தண்ணி சுடுது.

கனகலிங்கம்: சொல்ல வந்ததைச் சொல்லு.

சூசைதாசன்: போன ஞாயிறு மச்சில வூப்பற்றால் ஊர்ப் பெடியங்கள் ஒருத்தனும் ஓடேல்லை அண்ணை. பேஸ்போலில நாலு பந்து பிழைச்சுப் போனால் அடிக்க வந்தவன் சும்மா நடந்து போகலாம். அவங்கள் நடந்தே வெண்டவங்கள். ஒருத்தன் போனைப் பாத்துக்கொண்டு நடந்தவன்.

கனகலிங்கம்: நடை உடம்புக்கு நல்லது.

சூசைதாசன்: ஒரு பந்து வேலிக்கு மேலால போய், பாத்துக்கொண்டிருந்த ஜேர்மன் மனிசியின்ர உருளைக்கிழங்கு சாலட்டுக்குள்ள விழுந்தது.

கனகலிங்கம்: துடைச்சுத் தந்தவதானே. நல்ல மனிசி.

செல்லம்: நான் அடுத்த நாள் வடை சுட்டுக்கொண்டு போய்க் குடுத்தனான். அவ, இனியும் எறியச் சொல்லுங்கோ எண்டவ.

கனகலிங்கம்: பாத்தியோ? ரசிகையும் இருக்கிறா.

சூசைதாசன்: அண்ணை, லீகாப் போட்டியளில நாங்கள் கடைசி. எங்களுக்குக் கீழ புல்லுத்தான் இருக்கு. இன்னும் ஒரு மச் தோத்தால் அதுக்கும் கீழ போயிடுவம்.

கனகலிங்கம்: உந்த விளையாட்டே உன்னால வந்த வினை. நாங்கள் கிரிக்கெட்டுக்கு எல்லோ இடம் கேட்டு நகரசபையில ஆன்ற்றாக் விண்ணப்பம் போட்டனாங்கள். கிரிக்கெட் திடல் இல்லை, பேஸ்போல் திடல் ஒண்டு சும்மா கிடக்கு எண்டாங்கள். நீதான் சொன்னனி, ரெண்டிலயும் மட்டையும் பந்தும்தானே எண்டு.

சூசைதாசன்: விட்டால் பக்கத்து நகர டுசல்டோர்ஃப் ஆக்கள் வந்து எடுத்துப்போடுவாங்கள் எண்டு துள்ளினது ஆர்?

கனகலிங்கம்: சும்மா கிடைக்கிறதை விடலாமே?

சூசைதாசன்: அப்ப இந்தப் பெடியனை மட்டும் ஏன் விடுறியள்? பென்ஜமின் இடக்கையன். அங்க நல்ல கழகங்களில எறிஞ்சவன். தமிழும் கதைப்பான். அவனில என்ன குறை?

கனகலிங்கம்: குடும்பம் சரியில்லை.

சூசைதாசன்: என்ன?

கனகலிங்கம்: விசாரிச்சனான்.

சூசைதாசன்: ஆரிட்டை?

கனகலிங்கம்: என்ர சகலன் ரொறன்ரோ ஸ்காபரோவிலதானே. அவனிட்டை நம்பர் வாங்கி, நேர தாய்க்கே எடுத்தனான்.

சூசைதாசன்: தாய்க்கோ? என்ன கேட்டனியள்?

கனகலிங்கம்: முறையாத்தான் கேட்டனான். ஊர் எது, தகப்பன் என்ன செய்யிறார், எத்தினை சகோதரம், குடி கிடி இருக்கோ, ஆள் உயரமோ...

சூசைதாசன்: எவ்வளவு வேகமா எறிவான் எண்டு?

கனகலிங்கம்: அதுக்கு எங்க விட்டவ? உயரம் கேட்ட உடனயே மனிசி அழத் துவங்கிட்டா.

சூசைதாசன்: ஏன்?

செல்லம்: சந்தோஷத்திலயாம். மகனுக்கு முப்பது தாண்டியும் ஒரு சம்பந்தமும் சரிவரேல்லையாம். மாதா கண் திறந்திட்டா எண்டு சொன்னவவாம்.

சூசைதாசன்: ஐயோ!

கனகலிங்கம்: பொம்பிளை என்ன படிச்சிருக்கிறா எண்டு கேட்டா. ‘நாங்கள் வேதக்காரர், நீங்கள் சைவம், பிள்ளையளுக்குப் பிடிச்சால் எங்களுக்கு ஒண்டுமில்லை’ எண்டா.

சூசைதாசன்: உங்களுக்கு மகளே இல்லையே அண்ணை!

கனகலிங்கம்: அதைச் சொல்ல எனக்கு இடம் விட்டால்தானே! கலியாண மண்டபம் வரைக்கும் போயிட்டா.

செல்லம்: அரை மணித்தியாலம் இவர் ‘ஓம்... ஓம்...’ எண்டுகொண்டு நிண்டவர். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சீதனமும் பேசியிருப்பார்.

கனகலிங்கம்: இஞ்சேரும், நீர் சும்மா இரும்.

சூசைதாசன்: பிறகு எப்பிடித் தப்பினியள்?

கனகலிங்கம்: உண்மையைச் சொன்னனான். அம்மா, எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், பந்து எறிய ஆள்தான் வேணும் எண்டு. அதுக்கு அவ பேசின பேச்சு இருக்கே... பந்து எறியிறவன் குடிச்சால் உனக்கென்ன, குடிக்காட்டில் உனக்கென்ன எண்டு துவங்கி... சரியான வாய்க்காரக் குடும்பம். வேண்டாம்.

சூசைதாசன்: தாய் வாய்க்காரி எண்டால் மகன்ர பந்து வளைஞ்சு போகுமோ?

கனகலிங்கம்: நான் தலைவர். எனக்கு ஒரு மரியாதை இருக்கு.

சூசைதாசன்: எங்க இருக்கு? கடைசி இடத்திலயோ?

கனகலிங்கம்: சூசை!

சூசைதாசன்: கோவிக்காதேங்கோ. அடுத்த ஞாயிறு மச். ஆரோ ஒருத்தன் எறியவேணும்.

கனகலிங்கம்: கவிஷன் எறிவான்.

சூசைதாசன்: அவனுக்கு ஏலாது அண்ணை.

கனகலிங்கம்: ஏன் ஏலாது?

சூசைதாசன்: அவனுக்கு... ஆவுஸ்பில்டுங் தொழிற்படிப்புச் சோதினை வருது. கறண்ட் வேலை லேசான படிப்பே?

கனகலிங்கம்: சோதினை முடிஞ்சுது. பாஸ் எண்டு செல்லம் கேசரியும் கிண்டினவ. நீயும் திண்டனி.

சூசைதாசன்: ஓம்... அப்ப களைப்பு.

கனகலிங்கம்: இருபத்திரண்டு வயதில என்ன களைப்பு?

சூசைதாசன்: இந்தக் காலத்துப் பிள்ளையள் அண்ணை... ஸ்ட்ரெஸ்...

செல்லம்: சூசை, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடட்டோ?

கனகலிங்கம்: அவர் குடிச்சது காணும். சூசை, நீ என்னைப் பார். வெண்டிக்காயைப் பாக்கிறதை விடு, என்னைப் பார். அந்தப் பெடியனை எடுக்கச் சொல்லி உன்னை அனுப்பினது ஆர்?

சூசைதாசன்: ஒருத்தரும் அனுப்பேல்லை.

கனகலிங்கம்: மாதாவின்ர பேரில சொல்லு.

சூசைதாசன்: உதுக்கெல்லாம் மாதாவை இழுக்கக் கூடாது...

கனகலிங்கம்: சூசை...

சூசைதாசன்: கவிஷன்தான் அனுப்பினவன். காணுமோ? பென்ஜமினைத் தேடிப் பிடிச்சதும் அவன்தான். அவனுக்கு வலது முழங்கை போயிட்டுது அண்ணை. நோவுக்குக் குளிசை போட்டுக்கொண்டு எறியிறான். இந்த வருசமும் எறிஞ்சால் கை நிமிராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கறண்ட் வேலைக்காரன் கையை மேல தூக்க ஏலாமல் என்ன செய்யிறது? சாலட்டுக்குள்ள பந்து விழுந்தது எண்டு நாங்கள் சிரிக்கிறம். அவன் நோ தாங்காமல் பந்தைக் கைநழுவ விட்டவன்.

கனகலிங்கம்: டொக்டரிட்டையும் போனவனோ?

சூசைதாசன்: உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன். இப்ப அதையும் உடைச்சாச்சு.

கனகலிங்கம்: ஏனாம் எனக்குச் சொல்லேல்லை?

சூசைதாசன்: எப்பிடிச் சொல்லுறது? இந்தக் கடையின்ர கலண்டரில ஆற்ர படம்? கவிஷன் பந்தோட நிக்கிறான். நல்லூர்த் திருவிழாத் திகதிக்கு மேல! கொலோனில இருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குசினியிலயும் அவன் தொங்கிறான். தோசைமா வாங்க வாறவை எல்லாருக்கும், என்ர மகன் பேஸ்போல் வீரன் எண்டு சொல்லித்தானே மிச்சக்காசு குடுக்கிறியள்? அதுக்குப் பிறகு அவன் வந்து, அப்பா எனக்கு ஏலாது எண்டு சொல்லுவானே?

கனகலிங்கம்: கலண்டர் நான் அடிச்சதுதான்... அது பிழைதான். செல்லம், உமக்கு உது தெரியுமோ?

செல்லம்: எனக்கோ? ஐயோ, இப்பதான் கேள்விப்படுறன்...

கனகலிங்கம்: இப்பதானோ? அப்ப பிறீசருக்குள்ள இறாலுக்குப் பக்கத்தில கிடக்கிற நீல ஐஸ் பை ஆருக்கு? இறாலுக்கு முழங்கை நோவோ?

செல்லம்: ...அது பழசு.

கனகலிங்கம்: பிள்ளை இடக்கையால புட்டுச் சாப்பிடுறான். முள்ளுக்கரண்டியால! கேட்டால், ஜேர்மன் பழக்கம் எண்டு சொல்லுறீர். எந்த ஜேர்மன்காரன் இடக்கையால புட்டுச் சாப்பிடுறவன்?

சூசைதாசன்: பொறுங்கோ... அப்ப உங்களுக்குத் தெரியும்?

கனகலிங்கம்: சேர்ட் பொத்தானை ஒரு கையால பூட்ட மினக்கெடுறதைக் காலமை காலமை பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். எனக்குக் கண்ணில்லை எண்டு நினைச்சனியளோ?

சூசைதாசன்: தெரிஞ்சுகொண்டோ அவனே எறியட்டும் எண்டு நிண்டனியள்? என்ன மனிசன் அண்ணை நீங்கள்! பெத்த பிள்ளையின்ர கையை விட உங்களுக்குக் கலண்டர் பெரிசோ? வாய்க்காரக் குடும்பம், மரியாதை, மண்ணாங்கட்டி... வேற ஆளைப் பாருங்கோ. எனக்கு இந்தச் செயலாளர் வேலையும் வேண்டாம், உங்கட தேத்தண்ணியும் வேண்டாம். நான் போறன்.

கனகலிங்கம்: இரு.

சூசைதாசன்: இருக்க மாட்டன்.

கனகலிங்கம்: இருடாப்பா. அவன் அடுத்த ஞாயிறு எறிய மாட்டான். பென்ஜமின் வியாழக்கிழமை வந்திறங்கிறான்.

சூசைதாசன்: என்ன?

செல்லம்: என்ன? எனக்கும் சொல்லேல்லையே!

கனகலிங்கம்: நீங்கள் எனக்குச் சொன்னனியளோ? பென்ஜமின்ர தாய்க்காரிக்குத் திரும்ப எடுத்து, முழுப் பேச்சையும் வாங்கிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டு, பிறகு மகனோட கதைச்சு எல்லாம் முடிச்சாச்சு. ஒப்பந்தமும் சரி. மேல அறைக்குப் புதுக் கட்டிலும் போட்டிட்டன்.

சூசைதாசன்: அப்ப இவ்வளவு நேரமும் மாட்டன் மாட்டன் எண்டு என்னை வைச்சு விளையாடினியளோ?

செல்லம்: நான்கூட நம்பிப்போட்டன்... கவிஷன் பாவம், பதிலுக்காகக் கடைக்கு வெளியில நிண்டு தவிக்கிறான். போய்ச் சொல்லுமன் சூசை, எல்லாம் சரி, அப்பா ஓமெண்டிட்டார் எண்டு.

கனகலிங்கம்: அப்பிடிச் சொன்னியோ, உன்ர காலை முறிப்பன்! அவனுக்குச் சைக்கிள் வேணுமெண்டு தாய் வந்து கேட்டா. படிப்பை மாத்தப்போறான் எண்டு மாமன் வந்து சொன்னார். இப்ப முழங்கைக்கு நீ வந்து நிக்கிறாய். ஒரே வீட்டில இருக்கிறம் சூசை, ஆனால் என்ர பிள்ளையைப் பற்றி எனக்கு எல்லாரும் வந்து சொல்லுறியள், அவனைத் தவிர. நீ போய், ‘கொப்பர் ஒரேயடியா மாட்டன் எண்டு நிக்கிறார், என்னால ஏலாது, நீயே போய்க் கேள்’ எண்டு சொல்லு... அவன் வருமட்டும் நான் கடையைப் பூட்டாமல் இருக்கிறன்.