கரித்துகள் போட்ட சட்டை

வெயிலுமுத்து சார், என் இரங்கல் உரையைப் பிழை திருத்தித் தருகிறேன் என்றீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். நாளை இரங்கல் கூட்டத்தில் நான் வாசிக்கும்வரை யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மேடையில் வீற்றிருக்கும் பெரியோரே! மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் கலங்கிய கண்களோடு வந்திருக்கும் சபையோரே!

என் பெயர் மாரீஸ்வரி, ஒன்பதாம் வகுப்பு. என் அப்பா பிரம்மநாயகம் தாராவியில் அலுமினியம் உருக்கும் உலை வைத்திருக்கிறார். காற்றை ஆராய்ந்த, நம்மைவிட்டு மறைந்த முனைவர் சாருலதா அம்மையாரின் துகள் பிடிக்கும் கருவி எங்கள் கூரையில்தான் இருக்கிறது.

அவர் முதன்முதல் வந்தபோது எங்கள் சந்தில் ஓர் உலைகூட எரியவில்லை. முனிசிபாலிட்டி ஆள் என்று பயந்து எல்லோரும் அணைத்துவிட்டார்கள்! அடுத்த வாரமும் அப்படியே.

"பாருங்க மேடம், எங்க கல்லி எம்புட்டுச் சுத்தம்!" என்றார் அப்பா.

அம்மையார் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ அண்ணாச்சி, நேக்குப் புகைதான் வேணும்! பத்த வையுங்கோ!"

"புகை கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்!"

சபையோரே, அந்தப் புகையில் அவர் எதைக் கண்டார்? எங்கள் கூரையில் பிடித்த கரித்துகளை நுண்ணோக்கிப் படத்தில் காட்டினார். அறுந்த மணிமாலை போல இருந்தது! அதே புகை காற்றோடு செம்பூர் போனபின் அங்கே பிடித்தது சுருண்டு, மேலே ஒரு படலம் போர்த்தியிருந்தது. "வழியிலே சட்டை போட்டுண்டு போறதுடி" என்றார். அந்தச் சட்டை பூதக்கண்ணாடி போல வெயிலை உள்ளே குவிக்கிறதாம். கரி இன்னும் அதிகமாகச் சூட்டைக் குடிக்கிறதாம். ஆனால் உலகத்தின் நாளைய வெப்பத்தைச் சொல்லும் அவருடைய கணினி மாதிரியில், கரி வெறும் உருண்டையாக, சட்டையே இல்லாமல் இருந்தது. அதைத் திருத்த ஓர் அம்மா எங்கள் தகரக் கூரையில் ஏறினார்! கண்ணுக்குத் தெரியாத துகளுக்காக வானத்தையே திருப்பிக் கணக்குப் போட்டார்! இதைவிடப் பெரிய வேலை உண்டா?

மழைக்காலக் கணக்கு இன்னும் பாக்கி. ஈரக் காற்றில் அந்தச் சட்டை எவ்வளவு தடிக்கும்? கருவி இறங்கிவிட்டால் யார் சொல்வார்?

அப்பா இன்று சொன்னார்: "எந்த ஒலைப் புகைன்னு வெலாசம் எழுத மாட்டேன்னு மேடம் வாக்குக் குடுத்தாங்க. இப்ப அவங்களே இல்ல. ஒலைய மூடச் சொன்னா யாருட்டி ஜிம்மேதாரி, யாரு பொறுப்பு? கூட்டம் முடியவும் மெஷினக் கழட்டிருவேன். நீ அங்க வாயத் தொறக்கக் கூடாது."

அப்பா, நீங்களும் இந்தச் சபையில் இருப்பீர்கள். வாயைத் திறக்கக் கூடாது என்றீர்கள். ஆனாலும் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்: இந்த ஒரு மழை முடியும்வரை அதைக் கழற்றாதீர்கள். அம்மையாரே, உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்தக் கருவியை இனி நான்

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"ஏட்டி, முழிச்சிருக்கியா? மழ புடிச்சிட்டு, மேல மெஷின்ல செவப்பு லைட்டு மின்னுது. மெஷின்ல தண்ணி ஒழுகுற எடத்துல தார்ப்பாய் போட்டுட்டேன். வேற என்ன செய்யணும், வந்து சொல்லு."