கத்தி பட்டதும் எகிறிய நாடி

வயது நாற்பத்தாறு. மருத்துவமனையின் அறுவை அரங்கில் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். மருத்துவமனைக்குப் பின்தெருவில், மாடி வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். யாரும் வற்புறுத்தாமல் இந்தக் காவல் நிலையத்தில் நான் சொல்வதாவது:

சென்ற திங்கட்கிழமை காலை, பித்தப்பை அறுவைக்கு வந்த பள்ளி ஆசிரியைக்கு மயக்க வாயு கொடுத்திருந்தோம். வாயு தூங்க வைக்கும். ஆனால் கத்தி பட்டதும் இதயம் திமிறும். அதை அடக்கத்தான் ஃபென்டனில் என்ற வலி மருந்தை முன்கூட்டியே ஊசியில் போடுகிறோம். அன்று போட்டிருந்தும், கத்தி பட்டதும் நாடித்துடிப்பு 72-லிருந்து 128-க்குப் போனது. ரத்த அழுத்தமும் எகிறியது. அதன் பிறகு மயக்க மருந்து டாக்டர் வாயுவைக் கூட்டினார், அதன் பிறகு அழுத்தம் மளமளவென்று இறங்கி இதயம் நின்றது. நெஞ்சை அமுக்கி மீட்டோம். அந்த அம்மா இன்னும் கண் விழிக்கவில்லை.

"உங்க மெஷின்லதான் கோளாறு" என்றார் டாக்டர். எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருடமாக அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன் நான். சோதித்தேன், வாயு அளவு இம்மியும் பிசகவில்லை. ஊசி போட்டவர் என்பதால் முதலில் டாக்டரைத்தான் சந்தேகப்பட்டேன். அதன் பிறகு பழைய பதிவுத் தாள்களைப் புரட்டினேன். ஒரே மாதத்தில் ஏழு பேருக்கு இப்படி எகிறியிருந்தது. டாக்டர்கள் வேறு வேறு ஆட்கள். மருந்தை ஊசியில் ஏற்றிய நர்ஸ் மட்டும் ஒருவர்தான். அவர் என் மனைவியின் தங்கை. வேலை வாங்கிக் கொடுத்தது நான்.

போதைக்காகத் திருடு போகிற மருந்து என்பதால், குப்பியை உடைத்து அதை ஏற்றுவதை இன்னொருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. "அத்தான், ஏத்திட்டேன், ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்பார். வீட்டுப் பெண்தானே என்று பார்க்காமலே போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

புதன்கிழமை அதே அறுவைக்கு ஒருவர் வந்தார். டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு, புதுக் குப்பியை நானே உடைத்து ஏற்றிக் கொடுத்தேன்.

"என்ன அத்தான், எம்மேல சந்தேகமா?" என்று நர்ஸ் சிரித்தார்.

"சும்மாதாம்மா" என்றேன்.

நல்ல மருந்து போட்டும் துடிப்பு எகிறினால் அவர் மேல் குற்றமில்லை; எகிறாவிட்டால், இத்தனை நாள் அவர் ஏற்றியது மருந்தே இல்லை. மேசையில் கிடப்பது ஓர் உயிர் என்று தெரிந்தும், எகிறட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். கத்தி வைத்தார்கள். துடிப்பு 74-ஐத் தாண்டவில்லை. நிமிர்ந்தேன். நர்ஸ் மானிட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நேராக இங்கே வந்தேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன்; நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. சம்மனை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், மருத்துவமனைக்கே அனுப்பவும். என் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

(ஒப்பம்)