உப்பு பூத்த கன்னம்

— வாயைத் திறந்து வைங்கன்னா பேசிக்கிட்டே இருக்கீங்களே, சுப்ராயன் ஐயா!

— திறந்தா பேச்சுதான் வருது டாக்டரம்மா. நாப்பது வருசப் பழக்கம்.

— பல்லு வலின்னு கேம்ப்புக்கு வந்தீங்க. பல்லு கிடக்கட்டும். இடது கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு திட்டு இருக்குது. எத்தனை நாளா?

— அது உப்பு பூத்திருக்குது. உப்பளத்துல எங்க காலெல்லாம் அப்பிடித்தான். கழுவுனா போயிடும்.

— இப்ப பஞ்சால தேச்சேனே, போச்சா?

— நீங்க அழுத்தித் தேய்க்கலை.

— யோவ், அவங்க என்ன பாத்திரமா வெளக்குறாங்க? புகையிலைன்னு சொல்லேன்யா.

— நீ சும்மா இரு விருத்தாம்பா. பொண்டாட்டியைக் கூட்டியாந்தது தப்பாப் போச்சு டாக்டரம்மா.

— எப்ப போடுவீங்க?

— காலையில பாத்தியில இறங்குறப்ப ஒரு தடவை. அப்புறம் கையெல்லாம் உப்பு, வாய்கிட்ட கொண்டுபோக முடியாது. அதனால மதியம் வரைக்கும் அதே உருண்டை, அதே கன்னம்.

— திட்டும் அதே இடத்துலதான். இந்தப் படத்தைப் பாருங்க. முதல்ல வெள்ளை, அப்புறம் சிவப்பு, அப்புறம் ஆறாத புண்ணு. புத்துநோயா மாறலாம்.

— கருவாட்டுல புழு வைக்குமா? நானும் உப்புல ஊறுனவன். போன ஐப்பசியில ஒரு நல்ல பாம்பு என் காலைக் கடிச்சுது. ரத்தக் கொதிப்பு வந்து அதுதான் செத்துச்சு.

— பாம்புக்கு பி.பி. பார்த்தது யாரு?

— சாவுறதுக்கு முன்னாடி மூச்சு வாங்குச்சுங்க.

— சரி, இந்தத் திட்டு வலிக்குதா?

— துளிகூட இல்லை.

— அதுதான் எனக்கு பயம். வலிச்சிருந்தா நீங்களே ஓடியாந்திருப்பீங்க. எல்லா வெள்ளையும் புத்து ஆகாது. துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணாதான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடிச்சா குணமாக்கிடலாம். திங்கக்கிழமை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.

— சதை எடுக்கவா? கத்தி பட்டா மளமளன்னு பரவிடும்.

— பரவாது. யாரு சொன்னது?

— பாம்பு செத்தப்ப எங்கூட இருந்தவன்.

— ஐயா, விளையாடாதீங்க.

— நான் வரலை. எழுதிக்குங்க, சுப்ராயன் வரமாட்டான்.

— போயேன்யா.

— உனக்கென்ன விருத்தாம்பா, கத்தி என் வாயிலதானே.

— நீ போனாத்தான்யா நான் போவேன். உன் டப்பாவுலேர்ந்து எடுத்து நானும் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். நாக்குக்கு அடியில ஒரு புண்ணு, தை மாசத்துலேர்ந்து ஆறலை.

— திங்கக்கிழமை முதல் பஸ்சு எத்தனை மணிக்கு, டாக்டரம்மா?