எண்ணெய் மூடி

என் காது நல்ல காது, சார். ஒரு இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டால், அதன் வயிற்றில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் தங்கை புருஷன் பழைய லாரி வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, லாரியை விற்றவர், அவரை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். மாப்பிள்ளை புகார் கொடுத்திருக்கிற மாதிரி அவர் ஏமாற்றவில்லை. மாப்பிள்ளை டயர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "இன்ஜினை எறக்கிப் பெரிய வேலை பாக்கணுங்க. நீங்களே அவர்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

பக்குவமாக, நான் சொல்லாமல் விட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே சும்மா வைக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் நலம். குதித்தால் உள்ளே எல்லாம் தேய்ந்துபோயிற்று. அந்த மூடி தவளை மாதிரி குதித்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டேன். நல்ல சூடு.

"எப்படி மச்சான் இருக்கு?"

"தங்கம்."

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? மாப்பிள்ளை வெளியூர்த் துறைமுகத்தில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் வேலை பேசி வைத்திருந்தார். லாரி ஓடினால் அடுத்த வாரமே இரண்டு பேரும் அங்கே குடிபோய்விடுவார்கள். இது வேண்டாம் என்றால் வேறு லாரி பார்ப்பார். இதையே வாங்க வைத்து என் பட்டறையில் நிறுத்தினால் நகர மாட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபிறகு தங்கைதான் சோறு போடுகிறாள். தனியாகச் சாப்பிட எனக்குப் பயம், சார். சிரிக்காதீர்கள்.

மூன்றாம் நாளே லாரி படுத்துவிட்டது. ஒன்றரை வருடம் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நட்டுகளைக் கழுவித் தருவார். ஊர்க்கதை பேசுவோம். என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். நடுவில் இரண்டு முறை இன்ஜின் சரியாகிவிட்டது. என்ன செய்வது, கைராசி அப்படி. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் எண்ணெயில் மணல் போட்டேன். ஒரு பிடிதான்.

துறைமுக வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. அன்றைக்கு மாப்பிள்ளை பட்டறையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், நிஜமாகவே. பிறகு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

போன வாரம் தங்கை சொன்னாள்: "லாரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்ணா. அவருக்கு அந்தத் துறைமுகத்துலயே ஒரு கிடங்குல வேலை கெடைச்சிருக்கு. திங்கக்கிழமை காலைல பஸ்ஸுல கெளம்பறோம்."

நான் தடுக்கவில்லை. தடுக்கிற ஆள் இல்லை நான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை விட்டுவிடுங்கள். பஸ் டிப்போவில் ஒரு நாளைக்கு மெக்கானிக் வேண்டுமாம், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தங்கை போகிற வண்டி. அதன் பிரேக்கை நானே என் கையால் பார்த்து அனுப்பினால்தான் எனக்கு மனசு ஆறும்.