ஆள் இருக்கிற வீடு

அன்று பின்னேரம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: செபத்தை நடத்த வந்த மதலேனா அக்கா, அவருடைய மருமகள் ஜெனுஷா, மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு றோய், நான். நடு அறையில் இருந்த கொலின்ஸையும் சேர்க்கச் சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சரி, சேர்த்து எழுதுங்கள். வீடு அவருடையதுதான்.

செபமாலை மாதத்தில் எங்கள் வங்காலையில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கி மறுநாள் அடுத்த வீட்டுக்கு. ஆள் இல்லாத வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கொலின்ஸின் வீட்டைப் பல வருடங்களாகத் தாண்டித்தான் போனார்கள். இந்த வருடம் மதலேனா அக்கா கேற்றடியில் நின்று கேட்டார்.

"சந்தியோகு, நீ இருக்கிறாய்தானே? அப்ப இது ஆள் இருக்கிற வீடுதான். மாதா வரட்டுமே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

நான் முன்பு ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்தேன். இடையில் விட்டுவிட்டேன். ஐஸைக் காப்பதில் அர்த்தம் இல்லை. கள்ளன் வராவிட்டாலும் விடிவதற்குள் குறைந்துவிடும். காவல் என்றால் காக்கிற பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அதன் பிறகு தம்பியின் வளவுக்குள் ஒரு கொட்டிலில் இருந்தேன். எனக்கென்று வீடு இருந்ததில்லை. அதைத்தான் காரணம் என்று நீங்கள் எழுதப் பார்க்கிறீர்கள். அது காரணம் இல்லை.

கொலின்ஸும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். அவர் நோர்வேக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். ஊரில் வெளிநாட்டுக்காரரின் வீடுகளாகப் பார்த்து உடைக்கத் தொடங்கியபோது எனக்கு ஃபோன் எடுத்தார். ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டரைக் கழற்றியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் யன்னலையே சட்டத்தோடு கொண்டுபோயிருந்தார்கள். "மச்சான், என்ர வீட்டில போய் இரு. உன்ர வீடு மாதிரிப் பார்த்துக்கொள்" என்றார். அது அவருடைய வாயிலிருந்து வந்த வார்த்தை. என்னுடையது இல்லை.

நான் பார்த்துக்கொண்டேன். மதிலின் மேல் சீமெந்து பூசிப் போத்தல் கண்ணாடி பதித்தேன். யன்னல்களுக்கு இரட்டைக் கம்பி போட்டேன். அலுமாரி, தையல் மெசின், அவருடைய தாயாரின் பெரிய சொரூபங்கள் எல்லாவற்றையும் யன்னல் இல்லாத நடு அறையில் வைத்து, முருங்கனில் ஒரு வெல்டிங்காரனிடம் சொல்லி இரும்புக் கதவு செய்வித்தேன். உள்ளே பார்க்க அதில் ஒரு சின்னச் சதுரத் துவாரம். கதவு வெளியிலிருந்து மட்டும் பூட்டும். உள்ளே இருக்கப்போவது சாமான், சாமானுக்கு எதற்கு உள்பக்கத் தாழ்ப்பாள் என்று கொலின்ஸிடம் கேட்டேன். "ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

முன்கதவைப் பூட்டுவதற்கு ஒரு வரிசை வைத்திருந்தேன். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், பூட்டுக்குள் திறப்பு இரண்டு சுற்று, பிறகு இழுத்துப் பார்ப்பது. கடைசியைப் பலர் மறந்துவிடுவார்கள். நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பூட்டுவேன்.

அடுத்தது குரல். வீட்டுக்காரனின் சத்தம் கேட்கிற வீட்டுக்குக் கள்ளன் வரமாட்டான். கொலின்ஸைத் தன் குரலை வொட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அவருக்கு அது விளையாட்டாக இருந்தது. "ஆரடா அது? நில்லடா அதில! நாயை அவிட்டு விடுறன்" என்று ஒன்று. எங்களிடம் நாய் இல்லை. "சந்தியோகு, தேத்தண்ணியைப் போடு" என்று ஒன்று. இருமல் ஒன்று. குளிக்கும்போது பாடுவது போல ஒரு ஞானப்பாட்டு. கூரைக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர் பூட்டி மாற்றி மாற்றி விட்டேன். முதலில் ஊர் சிரித்தது. பிறகு பழகிவிட்டது. கரைக்குப் போகிறவர்கள் மதிலோரம் நடக்கும்போது, "நாங்கள்தான் கொலின்ஸ் அண்ணை, நாயைப் பிடியுங்கோ" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

அந்தக் காலத்தில் ஆட்களின் குரலைக் கணினியில் செய்து ஏமாற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. கொலின்ஸ் பயந்து எனக்கு ஒரு குரல் அனுப்பினார். "ஆர் என்ர பேரைச் சொல்லித் திறப்புக் கேட்டாலும் குடுக்காதை. நானே வந்து நிண்டு கேட்டாலும் குடுக்காதை, மச்சான்." கடைசியில் சிரித்தார். நீங்களும் அதைக் கேட்டீர்கள். சிரித்தாரே தவிர, சொன்னதை அவர் திருப்பி எடுக்கவில்லை.

ஆவணித் திருநாள் முடிந்த கிழமை நான் முருங்கனுக்கு ஓர் ஆமைப்பூட்டு வாங்கப் போய்த் திரும்பினேன். கேற் பூட்டியபடி இருந்தது. உள்ளே, கிணற்றடியில் ஒருவர் குந்தியிருந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். மதில் ஏறி வந்திருக்கிறார். கண்ணாடி வலது காலைக் கிழித்திருந்தது. கண்ணாடி தன் வேலையைச் செய்திருந்தது.

"என்னடா மச்சான், என்ர வீட்டுக்கு நானே மதில் பாய வேண்டியதாப் போச்சு" என்றார் கொலின்ஸ். ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் வந்தாராம். எனக்கு அதிசயம் காட்டவாம்.

நான் காலைக் கட்டிவிட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "நல்ல விலை வரும் போல கிடக்கு. விக்கப் போறன், சந்தியோகு. திறப்புகளைத் தா" என்றார்.

ஐயா, நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். மதில் ஏறி வந்த ஒருவர், கொலின்ஸின் பெயரைச் சொல்லி, திறப்புக் கேட்கிறார். வீட்டை இல்லாமல் செய்யப் போகிறேன் என்றும் சொல்கிறார். கள்ளன்கூட யன்னலோடு நிறுத்திக்கொள்வான்.

நான் கோபப்படவில்லை. நடு அறையை இன்னும் பார்க்கவில்லையே என்றேன். அவர் நொண்டிக்கொண்டு உள்ளே போனார். கதவைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குள்ள ஒருத்தனும் வர ஏலாது, மச்சான்."

"ஓம்" என்றேன். சாத்தினேன்.

ஒரு நாள் யோசித்தால் மனம் மாறும் என்றுதான் நினைத்தேன். அவர் மாறவில்லை. கையெழுத்து வைக்கிறேன், வீட்டை நீயே எடு என்றுகூடச் சொன்னார். இரண்டு நாளில் வீட்டையே கொடுக்கத் துணிந்தவரை எப்படி நம்பி வெளியே விடுவது? வீட்டுக்கு ஆபத்து அவரிடமிருந்துதான் என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது.

நான் அவரைப் பட்டினி போடவில்லை. பிட்டும் மீன்குழம்பும் துவாரத்தால் கொடுத்தேன். வாளி கொடுத்தேன். கால் வீங்கியபோது பனடோல் கொடுத்தேன், பிறகு காயத்துக்குத் தூள் வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரலை எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அது மதில் ஏறியதால் வந்தது. அதை என் குற்றங்களோடு எழுத வேண்டாம்.

அவருடைய மகள் நோர்வேயிலிருந்து சுகம் கேட்டு எழுதுவாள். ஃபோனைத் திறக்க அவருடைய விரல் வேண்டும். துவாரத்தால் விரலை நீட்டுவார். தண்ணீர் கொடுப்பதற்கு முன் கேட்டால் நீட்டுவார். அவர் முன்பு எனக்கு அனுப்பிய ஒரு குரலை எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "சுகமாயிருக்கிறன். ஒண்டுக்கும் யோசிக்காதை." அது பொய்யான குரல் இல்லை. அவருடைய குரல்தான்.

கத்தினார். ஏன் ஒருவருக்கும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எல்லாருக்கும் கேட்டது. றோய் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினான்.

"சந்தியோகண்ணை, புது ரெக்கோடிங்கோ? நல்ல கிளியரா இருக்கு. ஆனா 'காப்பாத்துங்கோ, காப்பாத்துங்கோ' எண்டு கிடக்கு. கள்ளனுக்கு ஏன் அப்பிடிச் சொல்லுறார்?"

"உள்ளுக்கு வேற கள்ளன் வந்திட்டான் எண்டு வந்தவன் நினைக்க வேணும்" என்றேன்.

றோய் கொஞ்ச நேரம் யோசித்தான். "மூளைதான். நோர்வே மூளை" என்று சொல்லிவிட்டு கிழிந்த வலை பொத்தப் போய்விட்டான்.

பிறகு ஐப்பசி வந்தது. மாதா வந்தா. விறாந்தையிலிருந்து ஹோல் வரைக்கும் வெள்ளைச் சீலை விரித்தேன். நடு அறைக் கதவுக்கு முன்னால் மேசை வைத்து, சொரூபத்தை அதில் இருத்தினோம். அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை. கொலின்ஸின் வாயை நான் கட்டவில்லை. செபம் நடக்கிற வீட்டில் அப்படிச் செய்யக்கூடாது. சத்தம் போட்டாலும் ஊருக்குப் பழகியதுதானே.

முதல் பத்து மணி சொல்லும்போதே தொடங்கிவிட்டார். "மதலேனா அக்கா! நான் உள்ளுக்கு இருக்கிறன்!"

மதலேனா அக்கா செபமாலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "என்ர பேரும் சொல்லுதடா இது. நிப்பாட்டு அந்த மெசினை. மாதா இருக்கிறா."

"சுவிச் இறுகிப் போச்சு, அக்கா."

"இண்டைக்கு ஒரு நாளைக்குக் கள்ளன் வரமாட்டான். அக்கா செபத்தை நீட்டுற நீட்டுக்கு அவனுக்குப் பொறுமை இராது" என்றான் றோய். ஜெனுஷா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு கொலின்ஸ் கத்தவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மதலேனா அக்கா மந்திரத்தின் முன்பாதியைச் சொன்னார். நாங்கள் பின்பாதியைச் சொன்னோம். "புனித மரியே, இறைவனின் தாயே." எங்களோடு சேர்ந்து கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் சொன்னது. "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே." அவர் ஊரை விட்டுப் போகும்போது இருந்த பழைய வார்த்தைகள். எங்களுக்குப் பின்னால் இழுபட்டு, தனியாக முடிந்தது.

"மாமி, மெசின் பழைய செபம் சொல்லுது" என்றாள் ஜெனுஷா மெதுவாக.

"பேசாமல் இரு. நோர்வேயில இன்னும் அதுதானாக்கும்" என்றார் மதலேனா அக்கா. ஆனால் அடுத்த மணியிலிருந்து அவருடைய வேகம் குறைந்தது. காது கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

செபமாலை முடிந்ததும் அந்த வீட்டில் செத்துப்போனவர்களுக்காக ஒரு செபம் உண்டு. வீட்டுக்காரர் பெயர்களைச் சொல்ல வேண்டும். மதலேனா அக்கா என்னைப் பார்த்து, "சொல்லு, சந்தியோகு. இந்த வீட்டு ஆத்துமாக்கள்" என்றார்.

நான் எழுந்து நின்று சொன்னேன். "சூசைப்பிள்ளை. றெஜினா." அவர்கள் என் அப்பாவும் அம்மாவும். வாயில் வந்தது அதுதான். வீட்டில் இருக்கிறவன் தன் ஆட்களைச் சொல்வது வழக்கம்.

கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது. கத்தவில்லை. கதைத்தது.

"அது உன்ர ஆக்கள், சந்தியோகு. இந்த வீட்டு ஆக்கள் பேதுருப்பிள்ளை. திரேசம்மா. கடலில போன என்ர தம்பி அல்பேட்."

றோய் தொப்பியைக் கழற்றினான். ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மதலேனா அக்கா மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனார்.

"நீ கொலின்ஸ் எண்டால் சொல்லு. உன்ர கொம்மாவைப் பெட்டியில வைக்கேக்க கையில என்ன குடுத்தது?"

"அல்பேட்டின்ர நீலச் சட்டை" என்றது குரல். "அவன்ர உடம்புதான் வரேல்லையே. நீங்கள்தான் மடிச்சு வைச்சனீங்கள், அக்கா. ஃபோனில எனக்குச் சொல்லி அழுதனீங்கள்."

மதலேனா அக்கா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினார். "திறப்பைத் தா."

நான் கொடுத்தேன். அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவுடன் கொடுத்துவிட்டேன். காவல்காரன் செய்யக்கூடாத காரியம் அந்த ஒன்றுதான். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் செய்தேன். பூட்டினேன், தண்ணீருக்கு விரல் வாங்கினேன், அக்கா திறப்பைக் கேட்டிருக்காவிட்டால் இன்னும் வைத்திருப்பேன். அதையும் எழுதுங்கள். அவையெல்லாம் வேலை.

கதவைத் திறந்ததும் எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினார்கள். கேற் திறந்தபடி கிடந்தது. மாதா தனியாக இருந்தா. யாராவது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நான்தான் போய்ச் சாத்திவிட்டு, நீங்கள் வரும்வரை கேற்றடியில் நின்றேன்.

இன்று காலை இடத்தைக் காட்ட என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர் தனியாகத்தான் இருக்கிறார் என்றீர்கள். நாங்கள் கேற்றைத் தட்டியதும், "ஆரடா அது? நில்லடா அதில! நாயை அவிட்டு விடுறன்" என்று சத்தம் வந்தது. உங்கள் சார்ஜன்ட் சிரித்து, "மெசின் இன்னும் வேலை செய்யுது" என்றார். ஸ்பீக்கர் சான்றுப் பொருளாக உங்கள் கந்தோர் மேசையில் இருக்கிறது, ஐயா. யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றது கொலின்ஸ்.

உங்களுடைய அடையாள அட்டையை யன்னலால் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் திறந்தார். நல்ல பழக்கம். வீட்டை எப்போது விற்கப் போகிறீர்கள் என்று சார்ஜன்ட் பேச்சுக்குக் கேட்டார். "விக்கிறதோ? நான் இதை விட்டிட்டு எங்க போறது? இவனை மாதிரி இன்னும் எத்தினை பேர் வெளியில நிக்கினமோ" என்றார் கொலின்ஸ். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

எங்களை வெளியே விட்டுவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். நான் ஜீப்பில் ஏறாமல் நின்றது தப்பி ஓட இல்லை, ஐயா, கேட்பதற்கு. மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். திறப்பு இரண்டு சுற்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, கடைசியை மறந்துவிட்டாரோ என்று காத்து நின்றேன். பிறகு உள்ளேயிருந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.