பெட்டியில் இல்லாத விசில்

...மேலே பேசுவதற்கு முன் ஒரு திருத்தம். நம் வாசிப்புக் குழுவில் ஒரு பேச்சு உலவுகிறதாம். என் ஒலிப்பதிவில் யாரோ குறை சொன்னார்களாம். நான் கோபித்துக்கொண்டு, பார்வையற்றவர்களுக்குப் பாடம் வாசிப்பதையே விட்டுவிட்டேனாம். தவறு. நான் விடவில்லை. நான்கு நாள் வாசிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அதற்கும் காரணம் கோபம் அல்ல... வெட்கம். எதற்கு வெட்கம் என்பதை ஒரு கதையாகவே சொல்கிறேன். சின்னதுதான், தேநீர் வருவதற்குள் முடித்துவிடுவேன்.

வேதநாயகி என்று ஒரு பெண். அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். நாற்பத்தொரு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பதவி உயர்வுக்காகத் துறைத் தேர்வு எழுதுகிறாள். இரண்டு முறை தவறிவிட்டது. இது மூன்றாவது முறை. அவளுக்காக அலுவலக விதிப் புத்தகத்தை நான் வாசித்துப் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். தேர்வுக்குப் பதினான்கு நாள்... ஐந்து அத்தியாயம் பாக்கி.

அந்த நேரம் பார்த்து என் மகன் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினான். மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற பெட்டி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிறார்கள். கூடவே, காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்ஃபோன். அதுவரை செல்போனில் பதிந்து வந்தவள், பெருமையாக அதை மாட்டிக்கொண்டு ஓர் அத்தியாயம் வாசித்து அனுப்பினேன்.

வேதநாயகி கூப்பிட்டாள். "அம்மா, நீங்க வாசிக்கதுக்குப் பின்னால ஒரு விசில் கூடவே வருது. ஒரு வரி மண்டையில ஏறல."

நான் போட்டுக் கேட்டேன். விசிலா? எங்கே விசில்? உன் போனில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளும் வாசித்தேன். மறுநாளும் விசில் என்றாள். சரி, பெட்டிதானே புதிது, அப்படியானால் பெட்டிதானே குற்றவாளி? கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடுகிற ஞானதுரையை வரவழைத்தேன். ஸ்பீக்கர் சத்தம் திரும்பவும் மைக்குக்குள் போகிறது, அதுதான் கத்துகிறது என்றார். ஸ்பீக்கரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டருக்குள் போன குரல் பெட்டிக்கே சுற்றி வருகிற வழியை அடைத்தார். ஒயரை மாற்றினார். மின்விசிறியையும் நிறுத்தினார். பிறகு தானே ஹெட்ஃபோனை மாட்டி, மைக் டெஸ்டிங் என்று சொல்லிப் பதிந்தார். சுத்தம். நான் உட்கார்ந்தேன்... விசில். அவர் உட்கார்ந்தார், இல்லை. நான் உட்கார்ந்தேன்... இருக்கிறது என்றார்.

"பெட்டியில ஒரு குத்தமும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை? அவர் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் பிழை கண்டுபிடித்து, முந்நூறு பத்திரிகையையும் மறுபடி அச்சடிக்க வைத்தவள் நான். என்னிடம் குறை சொல்ல அவருக்கு எப்படித் துணிச்சல் வரும்?

அன்று மாலை வேதநாயகி மறுபடி கூப்பிட்டாள். "ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. காதுல மிஷின் வச்சிருக்கீங்களாம்மா?"

என் கை தானாகப் போய் முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டது. அவளே தொடர்ந்தாள்.

"எங்க ஆபீசுக்கு ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தர் தினமும் போன் பண்ணுவாரு. ரிசீவர் அவர் காதுல பட்டதும் இதே விசில்தான். ஹெட்போனு உங்க மிஷினை மூடுது. மூடினா அதோட சத்தம் அதுக்குள்ளயே திரும்பப் போயி கத்தும். அவ்வளவு கீச்சுச் சத்தம் உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்."

போனை வைத்துவிட்டேன்.

என் கணவர் இருந்தவரை, யார் என்ன பேசினாலும் பேச்சுவாக்கில் எனக்குத் திருப்பிச் சொல்லிவிடுவார். அதனால் என் காது மந்தம் என்பது வெளியே தெரியவே இல்லை. அவர் போன பிறகு மிஷின் வாங்கினேன்; முடியை இழுத்து மறைத்துச் சீவினேன். இன்று இந்த மேடையில் சொல்லும்வரை உங்களில் யாருக்கும் தெரியாது. அல்லது... தெரிந்தும் நீங்களும் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பார்வை இல்லாதவள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். அந்த வெட்கம் நான்கு நாளைத் தின்றது. தீர்வு என்ன? ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டு. அரை நிமிட வேலை. அதற்கு நான்கு நாள். தின்றது யாருடைய நாள்? என்னுடையதா? அவளுடையது.

ஐந்தாம் நாள் காலை நானே கூப்பிட்டேன். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லியிருப்பாளோ என்று பயந்துகொண்டேதான் கூப்பிட்டேன். யாரையும் கேட்கவில்லையாம். காத்திருந்தாளாம். மன்னிப்புக் கேட்டேன். விசில் வந்தாலும் எனக்குத் தெரியாதே, என் பதிவை நான் எப்படி நம்புவது என்றேன்.

"நீங்க வாசிங்கம்மா. கேக்கது என் பாடு" என்றாள்.

அப்படியே செய்தோம். பத்துப் பக்கம் வாசித்து அனுப்புவேன். அவள் கேட்டுச் சரி என்பாள். ஒரு முறை, "ஒரு வரி விட்டுட்டீங்க, விதி பாதியில நிக்குது" என்றாள். புத்தகத்தைப் பார்த்தேன். விட்டிருந்தேன். ஒரு பகல் மிச்சம் இருக்கையில் ஐந்தாவது அத்தியாயம் அவள் கைக்குப் போனது. தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. அதற்காக என் நன்றி காத்திருக்கவில்லை.

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? நாம் வாசிக்கிறோம், அவர்கள் கேட்கிறார்கள். நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறோம். எனக்கு இத்தனை வயதில் யாரும் கொடுக்கத் துணியாத ஒன்றை அவள் கொடுத்தாள். என் குறையை என்னிடமே சொன்னாள். தன் தேர்வு என் கையில் இருக்கும்போதே சொன்னாள். நாம் பிறரிடம் வாங்கி வைத்திருக்கிற மரியாதையில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு பயம்? வீட்டுக்குப் போய் யோசியுங்கள். உங்களிடம் உண்மையைச் சொல்லக்கூடியவர் ஒருவராவது இருந்தால், இன்றே அவருக்கு நன்றி சொல்லுங்கள். நான் வேதநாயகிக்குச் சொல்லிவிட்டேன். இப்போது உங்கள் முன்னாலும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். என் பதிவுகளில் நீங்கள் கேட்ட குறைகளை, ஒன்று விடாமல் தெரிவியுங்கள். வாயால் சொன்னால் எனக்குப் பாதிதான் கேட்கும். ஆகவே தாளில் எழுதி, கீழே பெயரும் எழுதி, வரும் சனிக்கிழமைக்குள் என் வீட்டு முகவரிக்கு அனுப்பிவையுங்கள்.