கட்டி தட்டாத உப்பு

சேக் முகம்மது: பாத்து, டீச்சர்... கடை வாசல்ல கெடக்குத பாக்கெட்டத் தாண்டி வாங்க. அதுவும் திரும்பி வந்த உப்புதான்.

சித்ரலேகா: இம்புட்டுமா, பாய்?

சேக் முகம்மது: நாலு நாளா இதே பாடுதான். உப்பைத் திருப்பித் தாராவ. பருப்பையும் வேற கடையில வாங்கிக்கிடுதாவ. எதுத்த வீட்டு கோமு அக்கா என்னை ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டேங்காவ. அலுத்துப்போச்சு... உங்களுக்கு என்ன வேணும்?

சித்ரலேகா: உப்புதான்.

சேக் முகம்மது: நீங்களும் கிண்டல் பண்ணுதியளே...

சித்ரலேகா: நெசமாத்தான். நாலு பேரு பாக்க வாங்கிட்டுப் போறேன்.

சேக் முகம்மது: அப்போ ஒண்ணு சொல்லுங்க. பாக்கெட்டுல ஐந்நூத்தி முப்பத்தாறுன்னு நம்பர் போட்டிருக்கே... அது சயனைடா, இல்லியா?

சித்ரலேகா: அது பேரு பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. கட்டி தட்டாம இருக்கத் துளியூண்டு சேப்பாங்க.

சேக் முகம்மது: பேர்லயே சயனைடு இருக்குல்லா! அத மறைக்கத்தான் நம்பரப் போட்டிருக்கான்னு...

சித்ரலேகா: கேளுங்க பாய். ஆளைக் கொல்லுதது பொட்டாசியம் சயனைடு. தண்ணி பட்டா சயனைடு தனியாக் கழண்டுரும். இதுல நடுவுல ஒரு இரும்பு இருக்கு. ஆறு சயனைடு அதச் சுத்திக் கெட்டியாப் புடிச்சிருக்கு. வயித்துக்குள்ள போனாலும் லேசுல விடாது.

சேக் முகம்மது: இத வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா...

சித்ரலேகா: அது வந்து, பாய்...

சேக் முகம்மது: என்ன டீச்சர்? உக்காருங்க மொதல்ல.

சித்ரலேகா: அதச் சொல்லத்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு... இந்தப் பேரெல்லாம் எழுதிப் போட்டா பிள்ளையெல்லாம் தூங்கி விழுதுவ. முழிக்கட்டும்னு, 'உங்க வீட்டு உப்புல சயனைடு இருக்கு'ன்னேன். மணி அடிச்சிட்டு. மிச்சத்தத் திங்கக்கெழமை சொல்லுதேன்னுட்டேன். திங்கக்கெழமை மழை லீவு. இன்னைக்கும் லீவு.

சேக் முகம்மது: இரும்பு வர்றதுக்குள்ள மணி அடிச்சிட்டாக்கும்.

சித்ரலேகா: சிரிக்காதீங்க, பாய். எனக்கு உறக்கமே இல்ல. உங்க கடை இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். வீடு வீடாப் போய்ச் சொல்லிருதேன். மொதல்ல கோமு அக்கா வீட்டுக்கு...

சேக் முகம்மது: அங்கன மட்டும் போவாதீங்க.

சித்ரலேகா: ஏன்?

சேக் முகம்மது: எம் மவ ஸமீஹா உங்க கிளாஸ்தான டீச்சர். அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டா. பயந்துபோயி, வீட்டு உப்பு பூராத்தையும் வாசல் சாக்கடையில கொட்டுனேன். கோமு அக்கா பாத்துக்கிட்டு நின்னாவ... மறுநா காலையில கடையத் தொறந்து, அதே கம்பெனி உப்ப அவியளுக்கே எடுத்துக் குடுத்தேன்.